நெம்புகோல் துப்பாக்கி: ஒரு வேட்டைக்கருவியின் தென்னாட்டு வரலாறு

தமிழகத்தில் துப்பாக்கி என்கிறோம். யாழ்ப்பாணத்தில் அது துவக்கு. நான் வாழும் திருவனந்தபுரத்தில் தோக்கு. சிங்களத்தில் துவக்குவ. இவை யாவும் உடன்பிறந்த சொற்கள். துருக்கிய மூலங்கொண்ட ஒரு சொல்லின் வழிவந்தவை என்று சொல்லாராய்ச்சியாளர் கருதுவர். சொல் கடல்வழியும் தரைவழியும் பயணம் செய்து எல்லோர் நாவிலும் ஏறிவிட்டது. ஆனால் அச்சொல் குறிக்கும் பொருள் எல்லோர் கைக்கும் வரவில்லை. யார் கைக்கு வந்தது, யார் கைக்கு வராமல் தடுக்கப்பட்டது என்பதே தென்னாட்டுத் துப்பாக்கி வரலாற்றின் அடிப்படைக் கேள்வி. அக்கேள்வியை ஒரே ஒரு வகைத் துப்பாக்கியைக் கொண்டு இப்பதிவில் ஆராய விரும்புகிறேன்.

அது நெம்புகோலால் இயங்கும் வேட்டைத் துப்பாக்கி. ஆங்கில வழக்கில் 'லீவர் ஆக்‌ஷன் ரைபிள்'. பெயரைக் கேட்டறியாதவர்களும் உருவத்தைக் கண்டிருப்பர். சிவகாசியிலிருந்து வெளிவரும் லயன் காமிக்ஸ் வாசகர்களுக்கு டெக்ஸ் வில்லர் கையிலுள்ள வின்செஸ்டர் பல்லாண்டுப் பழக்கம். உலகெங்கும் இவ்வகைத் துப்பாக்கிகளைத் தேடிச் சேர்த்துப் பேணுவோர் பெருந்திரளாக உள்ளனர். நம் நாட்டில் அவை மிகச் சிலவே. அச்சிலவும் இன்று நம் கண்முன்னே மறைந்துவருகின்றன. ஆகவே இதை எழுதுவதில் ஒரு அவசரமும் உண்டு.

முதலில் கருவியைப் புரிந்துகொள்வோம். விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையம் பின்னோக்கி நீண்டு, நான்கு விரல்கள் நுழையும் ஒரு கண்ணியாக அமைந்திருக்கும். அதுவே நெம்புகோல். சுட்டபின் அதைக் கீழே தள்ளினால் அடைப்பு பின்னே நகர்கிறது. வெற்றுத் தோட்டா வெளியே தெறிக்கிறது. மேற்புறமுள்ள குதிரை பின்சாய்ந்து நிற்கிறது. அடுத்த தோட்டா மேலெழுகிறது. நெம்புகோலை மேலே இழுத்தால் அத்தோட்டா அறைக்குள் புகுந்து அடைப்பும் பூட்டிக்கொள்கிறது. கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டே அசைவுகள். துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. இடக்கைப் பழக்கமுடையவருக்கும் இடரில்லை. ஒருமுறை இயக்கிப் பார்த்தவர்கள் அதன் ஓசையையும் வழுக்கலையும் மறப்பதில்லை. நல்ல தறியின் இயக்கத்தில் உள்ள ஒழுங்கு அதில் உண்டு.

இதன் பிறப்பிடம் அமெரிக்கா. 1860இல் பெஞ்சமின் டைலர் ஹென்றி என்ற கைவினைஞர் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் பணிபுரிந்த நிறுவனத்தின் உரிமையாளர் ஆலிவர் வின்செஸ்டர். அவர் துப்பாக்கிக் கொல்லர் அல்லர்; சட்டை தைத்து விற்கும் தொழிலில் பொருளீட்டியவர். ஹென்றியின் துப்பாக்கியில் குழலுக்குக் கீழே மற்றொரு மெல்லிய குழாய் இருந்தது. அதில் 16 தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடந்தன. ஒவ்வொரு முறையும் வாய்வழியே மருந்து கெட்டித்துச் சுட்டுக்கொண்டிருந்த உலகத்தில் இது பெரும் பாய்ச்சல். 1866இல் வின்செஸ்டர் பெயரிலேயே நிறுவனம் அமைந்தது. அதே ஆண்டின் மாதிரியில் பக்கவாட்டில் தோட்டா நுழைக்கும் வாயில் வைக்கப்பட்டது. 1873ஆம் ஆண்டு மாதிரி ஏறத்தாழ 7 லட்சத்து 20 ஆயிரம் எண்ணிக்கையில் செய்யப்பட்டது. ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1894ஆம் ஆண்டு மாதிரியோ 70 லட்சத்தைத் தாண்டியது.

இத்துப்பாக்கிகள் போர்க்களத்திலும் தம் சுவட்டைப் பதித்தன. 1876இல் அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லகோட்டா, செயேன் குடியினர் ஜெனரல் கஸ்டரின் படைப்பிரிவை அழித்தனர். 1983இல் அவ்விடத்தில் காட்டுத்தீ புல்லையெல்லாம் எரித்துவிட, தொல்லியலாளர்கள் நிலத்தை முறையாக ஆய்ந்து தோட்டா உறைகளைத் திரட்டினர். குடியினர் பலரிடம் ஹென்றி, வின்செஸ்டர் வகைத் துப்பாக்கிகள் இருந்தமை அவ்வுறைகளால் உறுதியாயிற்று. படையினரிடமோ ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிகளே இருந்தன. எழுத்தில் தம் தரப்பைப் பதிந்துவைக்காத மக்களின் செயலை, அவர்கள் கைப்பட்ட பித்தளை உறைகள் நூறாண்டுக்குப் பின் சொல்லின. பழைய ஆயுதங்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் வேட்டையாடிய பிரித்தானிய அதிகாரிகளும் மன்னர்களும் நெம்புகோலைப் பெரிதும் விரும்பவில்லை. அவர்கள் விரும்பியவை லண்டன், பர்மிங்காம் நகரங்களில் கையால் இழைத்துச் செய்யப்பட்ட இரட்டைக்குழல்களும், பின்னர் மௌசர் வகைத் தாழ்ப்பாள் துப்பாக்கிகளும் ஆகும். இதற்குத் தக்க காரணங்கள் இருந்தன. குழாய்க் கூட்டில் தோட்டாவின் மூக்கு முன்னதன் பின்புறத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்; ஆகவே கூர்முனைத் தோட்டா ஆபத்து. தொடக்ககால மாதிரிகளின் தோட்டாக்கள் மானுக்குப் போதும்; காட்டெருமைக்கும் யானைக்கும் போதா. வெப்பநாட்டில் வெடிமருந்தின் அழுத்தம் கூடும். அப்போது அறைக்குள் இறுகிப்போன உறையை இழுத்தெடுக்கும் வலிமை நெம்புகோலைவிடத் தாழ்ப்பாளுக்கு அதிகம். பரணில் ஒடுங்கி அமர்ந்திருப்பவருக்கு நெம்புகோலைக் கீழே தள்ள இடமும் குறைவு; இரவின் அமைதியில் அதன் ஓசையும் பகை.

இக்குறைகளுட் சிலவற்றைத் தீர்த்தது 1895ஆம் ஆண்டு மாதிரி. இதுவும் பிரௌனிங்கின் வடிவமைப்பே. குழாய்க் கூட்டை நீக்கிவிட்டு, தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பெட்டியை விசைக்கு முன்னே வைத்தார். ஆகவே கூர்முனைத் தோட்டாவும், வலிமை மிக்க புகையற்ற மருந்தும் இதற்கு ஏற்றனவாயின. முதல் உலகப்போரின்போது ருஷ்யப் பேரரசு ஏறத்தாழ 3 லட்சம் துப்பாக்கிகளை இம்மாதிரியில் வாங்கியது. 1904இல் இதற்கென்றே .405 என்ற தோட்டா வந்தது. அதன் குண்டு 300 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 19 கிராம். வேகம் நொடிக்கு 2200 அடி. 1909இல் கிழக்காப்பிரிக்காவுக்கு வேட்டைக்குச் சென்ற தியோடர் ரூஸ்வெல்ட் இதை எடுத்துச் சென்றதால் உலகப் புகழும் வந்தது. தோட்டாப் பெட்டியில் நான்கு, அறையில் ஒன்று என ஐந்து தோட்டாக்கள்; புலியளவு விலங்கை நிறுத்தும் வலிமை; இரட்டைக்குழலைப்போல் கையால் இழைக்கப்படாமல் ஆலையில் எந்திரத்தால் செய்யப்பட்டமை. இவ்வியல்புகளால் இது அரண்மனைக்கு வெளியே வாழ்ந்த வேட்டைக்காரர்களின் துப்பாக்கியாயிற்று. ஒரேயொரு தண்டனை உண்டு: கட்டையின் பின்முனையில் உள்ள எஃகுத் தகடு சுடுபவர் தோளைப் பதம் பார்த்துவிடும்.

தென்னாட்டில் இத்துப்பாக்கியைப் புகழ்பெறச் செய்தவர் கென்னத் ஆண்டர்சன். 1910இல் பிறந்து 1974இல் மறைந்த பெங்களூர்க்காரர். விமானத் தொழிற்சாலையில் பணியாற்றியவர். 1954இல் வெளிவந்த அவரது முதல் நூல் தொடங்கி, ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடிச்சென்ற கதைகளை எழுதினார். அவற்றில் திரும்பத் திரும்ப வருவது அவரது .405 வின்செஸ்டர். அவர் நடந்த நிலம் பெரும்பகுதி தமிழ்நிலம். ஜவளகிரி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சிவனிப்பள்ளி, பெண்ணாகரம், நீலகிரியின் சீகூர் என்று ஊர்களின் பெயர்களை அடுக்கினாலே அது விளங்கும். வடக்கே ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பி தாழ்ப்பாள் துப்பாக்கி எப்படியோ, தெற்கே ஆண்டர்சனின் நெம்புகோல் அப்படி.

இவ்விரு துப்பாக்கிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடையது. கார்பெட்டின் ரிக்பி, சம்பாவத் ஆட்கொல்லியைக் கொன்றதற்காக 1907இல் ஐக்கிய மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் அளித்த பரிசு. அதைச் சொல்லும் வெள்ளித் தகடு அதன் கட்டையிலேயே பதிக்கப்பட்டது. தகடு இருந்ததால் துப்பாக்கி தன் வரலாற்றைத் தானே சுமந்தது. கைமாறிக் கைமாறி இறுதியில் அதைச் செய்த நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொண்டது. தகடு பதிக்கப்படாத துப்பாக்கிகளின் கதை வேறு. அவற்றின் வரலாறு உரிமையாளரின் நினைவிலும், உரிமப் புத்தகத்தின் பக்கங்களிலும் மட்டுமே வாழ்கிறது. அவர் மறைந்தால், புத்தகம் ஒப்படைக்கப்பட்டால், துப்பாக்கி வெறும் இரும்பாகிவிடுகிறது.

ஆண்டர்சனின் நூல்களில் என்னை மிகவும் ஈர்ப்பவர்கள் பைராவும் ரங்காவும். ரங்கா பெண்ணாகரத்து ஆள். பைரா காட்டுக்குள்ளேயே வாழ்ந்தவர். தடம் காண்பதும், விலங்கின் போக்கை முன்னுணர்வதும், எங்கே பரண் கட்டலாம் என்று தேர்வதும் பெரிதும் அவர்களைப் போன்றோரின் அறிவு. ஆனால் சட்டத்தின் கண்ணில் பைரா திருட்டு வேட்டைக்காரர். வெளிநாட்டுத் துப்பாக்கியோடு வந்தவர் 'விளையாட்டு வேட்டைக்காரர்'. காடும் ஒன்று, விலங்கும் ஒன்று. பெயர் மட்டும் இரண்டு. அப்பெயர்களை வழங்கியது அறம் அன்று, உரிமச் சீட்டு. தம் துணைவர்களைப் பெயர் சொல்லி எழுதியது ஆண்டர்சனின் பெருமை. அக்காலத்து வேட்டை நூல்கள் பலவற்றில் அவர்கள் 'காட்டுவாசி ஒருவன்' என்பதோடு முடிந்துவிடுவர்.

அச்சீட்டின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். லிட்டன் பிரபு காலத்தில் 1878இல் ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டது. நாட்டுமொழிப் பத்திரிகைகளை ஒடுக்கிய சட்டமும் அதே ஆண்டுதான் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது; நாவையும் கையையும் ஒருசேரக் கட்டிய ஆண்டு அது. ஆயுதச் சட்டப்படி இந்தியர் உரிமம் பெறவேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. குடகர்களுக்கு 1861 முதலே தனி விலக்கு இருந்தது. அது இன்றளவும் தொடர்கிறது. அண்மையில் 2029 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. 1887 டிசம்பரில் சென்னையில் பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் கூடிய காங்கிரஸ் மாநாடு ஆயுதச் சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. இளைஞராயிருந்த விபின் சந்திர பால் அங்கே அச்சட்டத்தின் இனவேற்றுமையை வன்மையாகக் கண்டித்தார். பிற்காலத்தில் துப்பாக்கி வேண்டா என்ற காந்தியின் இயக்கம், தொடக்கத்தில் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையைத் தன்மானத்தின் பகுதியாகக் கேட்டது.

சட்டம் துப்பாக்கியின் அளவையும் தீர்மானித்தது. 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், படைத்துறை பயன்படுத்திய அளவுகளான .303, .450 ஆகியவற்றைத் தனியார் இறக்குமதி செய்வதை அரசு தடுத்தது. கிளர்ச்சியாளர்கள் படையின் தோட்டாக்களைத் திருடிப் பயன்படுத்திவிடுவர் என்ற அச்சமே காரணம். உடனே இங்கிலாந்துக் கொல்லர்கள் .465, .470, .475 என்று புதுப்புது அளவுகளைப் படைத்தனர். அமெரிக்காவின் .405க்கு இத்தடையால் இடையூறு நேரவில்லை. இன்றும் 'தடைசெய்யப்பட்ட அளவு', 'தடைசெய்யப்படாத அளவு' என்ற பாகுபாடு நம் சட்டத்தில் உள்ளது. நம் நாட்டு ஆயுதத் தொழிற்சாலை பொதுமக்களுக்காகச் செய்த வேட்டைத் துப்பாக்கி .315 என்ற விந்தையான அளவில் அமைந்ததற்கும் அப்பழைய அச்சமே பின்புலம்.

திருவிதாங்கூரின் நிலை சற்று வேறுபட்டது. 1741இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்றபின், மார்த்தாண்டவர்மர் டிலன்னாயைத் தம் படைக்குப் பயிற்சியாளராக்கினார். இன்றைய குமரி மாவட்டத்துப் புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் உலை இயங்கியது. ஆயுதம் செய்யும் அறிவு இம்மண்ணில் இருந்தது என்பதற்கு அது சான்று. 1809இல் வேலுத்தம்பி தளவாயின் எழுச்சி ஒடுக்கப்பட்டபின் அரசின் படை பெருமளவு கலைக்கப்பட்டது. ஆயுதத்தோடு உறவுகொண்டிருந்த சமூகங்கள் ஒரு தலைமுறைக்குள் ஆயுதமற்றனவாயின. பின்னர் துப்பாக்கி மீண்டும் மலையேறி வந்தது. வந்தது தோட்டக்காரர்களின் தோளில்.

1877இல் ஜான் டேனியல் மன்றோ, பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து கண்ணன்தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். காடு தேயிலைத் தோட்டமாகியது. எஞ்சிய புல்வெளி வெள்ளைத் தோட்டக்காரர்களின் வேட்டைநிலமாகியது. அவர்கள் தமக்கென ஒரு வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் அமைத்தனர். நீலகிரியில் அதற்கு முன்னோடியான சங்கம் 1877இலேயே தோன்றிவிட்டது. 1879இல் அங்கே வேட்டைக்கும் மீன்பிடிக்கும் தனிச்சட்டமும் வந்தது. இரவிகுளத்தில் முதுவர்கள் காவலராக அமர்த்தப்பட்டனர். வரையாடு இன்றும் அங்கே கூட்டங்கூட்டமாக வாழ்கிறதென்றால், அதற்கு அக்கட்டுப்பாடும் முதுவர்களின் கண்காணிப்பும் காரணம். வேட்டைக்காரர் காத்தது வேட்டைக்காகத்தான். ஆயினும் காத்தனர் என்பதையும் வரலாறு பதிந்தாக வேண்டும். 1971இல் கேரள அரசு சட்டத்தின் வழி அந்நிலத்தை மீட்டது. 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் இரவிகுளம் அறிவிக்கப்பட்டது. பெரியாற்று ஏரியைச் சுற்றிய காட்டையோ திருவிதாங்கூர் அரசே 1934இல் சரணாலயமாக்கியிருந்தது.

விடுதலைக்குப் பின் நிகழ்ந்தவை விரைந்து நிகழ்ந்தன. 1959இல் புதிய ஆயுதச் சட்டம். 1970இல் புலிவேட்டைக்கு நாடளாவிய தடை. 1972இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம். 1991இன் திருத்தத்தால் வேட்டை என்பது, சட்டம் குறிக்கும் சில விதிவிலக்குகள் நீங்கலாக, முற்றிலும் முடிந்தது. முடிந்தது நன்று. இதில் எனக்குத் தினையளவும் ஐயமில்லை. ஆனால் வேட்டை முடிந்தபின் வேட்டைத் துப்பாக்கி என்னவாகிறது? 1980களின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதியும் நின்றுபோனதால், அதற்குமுன் வந்தவை மட்டுமே நாட்டில் எஞ்சின. ஆகவே வெளிநாட்டுத் துப்பாக்கிகளின் விலை ஏறியது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கை 1983இன் திருத்தத்தால் மூன்றாகவும், 2019இன் திருத்தத்தால் இரண்டாகவும் குறைந்தது. உலகின் பிற பகுதிகளில் 'சேகரிப்பு' என்றால் சுவர் நிறையத் துப்பாக்கிகள். இங்கே சேகரிப்பு என்றால் இரண்டு.

தாத்தாவின் துப்பாக்கியைப் பேரன் வைத்திருக்கச் சட்டத்தில் வழியுண்டு. வாரிசு என்ற முறையில் உரிமம் கேட்கலாம். ஆனால் உரிமத்தைக் குறித்த காலத்தில் புதுப்பிக்க வேண்டும். தேர்தல் வரும்போதெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்பப் பெறவேண்டும். காவல்துறை விசாரணை, மருத்துவச் சான்று என்று அலைய வேண்டும். நெடுமங்காட்டுப் பக்கத்துத் தோட்டக் குடும்பங்களிலும் குமரிமாவட்டத்துப் பழைய வீடுகளிலும் ஆய்வின் பொருட்டுப் பேசும்போது, 'ஒப்படைத்துவிட்டோம், தொல்லை விட்டது' என்ற பெருமூச்சைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர்களைக் குறைசொல்ல முடியாது. பத்மநாபபுரம் அரண்மனையின் ஆயுதசாலையில் உள்ள வாள் கலைப்பொருளாகிவிட்டது, அதை அஞ்சுவாரில்லை. நூறாண்டு கண்ட வின்செஸ்டரோ சட்டத்தின் முன் இன்னும் உயிருள்ள ஆயுதம். பழுது பார்த்தாலும் சுட இயலாத பழம்பொருளுக்கு மட்டுமே 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்களிக்கிறது. இது தேவையான கண்டிப்பே. துப்பாக்கி எளிதிற் கிடைக்கும் நாடுகள் கொடுத்துவரும் விலையை நாம் அறிவோம்.

அப்படியென்றால், இதைப் பேணுவதிலும் துய்ப்பதிலும் என்ன இன்பம் இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது, கொலையைச் சாராத இன்பம். முதலாவது, வாசிக்கும் இன்பம். பழைய துப்பாக்கி ஒரு சாசனம். குழலின்மேல் மாதிரியும் அளவும் காப்புரிமை நாள்களும் பொறிக்கப்பட்டிருக்கும். இங்கிலாந்து வழியே வந்திருந்தால் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைச்சாலை முத்திரை தெரியும். கல்கத்தா ரோடா நிறுவனம், சென்னை மவுண்ட்ரோட்டின் பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற விற்பனையாளர் பெயர்கள் பொறித்த துப்பாக்கிகளும் உண்டு. வரிசை எண்ணைக் கொண்டு, அமெரிக்காவின் கோடி நகர் அருங்காட்சியகத்தில் உள்ள வின்செஸ்டர் ஆலைப் பேரேடுகளில், குறிப்பிட்ட எண்கள் வரை, எந்த நாளில் எந்த வடிவில் ஆலையை விட்டு வெளியேறியது என்று அறியலாம். கல்வெட்டுப் படிப்போருக்குரிய அதே மகிழ்ச்சி இதிலும் உண்டு.

இரண்டாவது, பேணும் இன்பம். அக்காலத் தோட்டாக்களின் பற்றுமருந்து உப்பை எச்சமாக விடும். அது ஈரத்தை இழுத்துக் குழலை அரிக்கும். அதனால் சுட்ட அன்றே கொதிநீர் ஊற்றிக் கழுவித் துடைத்து எண்ணெய் பூசுவர். குழலுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்த்தால் அக்காலத்துப் பராமரிப்பு எப்படி இருந்தது என்று இன்றும் தெரியும். முகாமில் அவ்வேலையைச் செய்தவர் பெரும்பாலும் துப்பாக்கிக்கு உரியவர் அல்லர். பெயர் தெரியாத பணியாளர். நம் கடற்கரைக் காற்றில் துப்பாக்கியைத் தோலுறையில் நெடுநாள் வைப்பது கேடு. உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் புத்தம்புதிதாக்குவது அதனினும் கேடு. காலம் ஏற்றிய நிறமும், கட்டையில் கை பிடித்துப் பிடித்து ஏறிய மெருகும் போனால் சான்றே போய்விடும்.

மூன்றாவது, குறிபார்க்கும் இன்பம். 2015ஆம் ஆண்டு தேசிய விளையாட்டுப் போட்டிக்காக நம் நகரின் வட்டியூர்க்காவில் துப்பாக்கிச் சுடுதளம் அமைக்கப்பட்டது. அங்கே இன்றைய இளைஞர் பழகுவது வேறு வகைத் துப்பாக்கிகள். ஆனாலும் மூச்சை அடக்கி, மனத்தை ஒருமுகப்படுத்தி, தாளில் வரைந்த வட்டத்தைத் துளைக்கும் கலை ஒன்றே. குருதி சிந்தாமல் துப்பாக்கியில் திளைக்கலாம் என்பதற்கு அத்தளம் சான்று. அதேவேளை, மலையோரத்துக் கிழங்கு வயல்களைக் காட்டுப்பன்றி அழிக்கும்போது, உரிமமுள்ள துப்பாக்கிக்காரரைத் தேடி ஊராட்சி அலைகிறது. 2022 முதல் கேரளத்தில் உள்ளாட்சித் தலைவர்களுக்கே பன்றியைச் சுட அனுமதி வழங்கும் அதிகாரம் தரப்பட்டுள்ளது. துப்பாக்கியின் கதை முடிந்துவிட்டது என்று நாம் எண்ணும்போதெல்லாம் அது வேறு வாயில் வழியே உள்ளே வருகிறது.

இவ்வின்பங்களுக்கு ஒரு கடனும் உண்டு. ஒரு நெம்புகோல் துப்பாக்கியைப் பெருமையோடு காட்டுபவர், அது வாங்கப்பட்ட காலத்தில் யாருக்கு அது மறுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். சுவரில் மாட்டிய கொம்புக்குக் கீழே சுட்டவர் பெயரும் நாளும் இருக்கும். தடம் கண்டவர் பெயர் இருக்காது. அந்தப் பெயர் குடும்பத்தின் எழுபது வயது கடந்தவர்களின் நினைவில் இன்னும் இருக்கக்கூடும். காணியோ முதுவரோ பளியரோ, தாத்தாவோடு காட்டுக்குப் போனவர் யார் என்று கேட்டால் சொல்வர். இன்னும் பத்தாண்டு கழித்துக் கேட்க ஆள் இருக்கும். சொல்ல ஆள் இருக்காது.

ஆகவே இதை வாசிப்போரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய உரிமத் துப்பாக்கி ஏதேனும் இருந்து, அதை ஒப்படைக்கும் முடிவுக்கு வந்திருந்தால், தாராளமாக ஒப்படையுங்கள். சட்டப்படி நடப்பதே சரி. அதற்கு முன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். துப்பாக்கியின் பொறிப்புகளையும் வரிசை எண்ணையும் தெளிவாகப் படமெடுங்கள். உரிமப் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் நகலெடுங்கள். எத்தனை தோட்டா எப்போது வாங்கப்பட்டது என்ற பதிவுகூட ஒரு காலத்தின் காட்டுக்கணக்கு. பழைய படங்களின் பின்புறம் எழுதியிருப்பதைப் பாருங்கள். வீட்டுப் பெரியவரை அமரவைத்து, யார் வாங்கினார், எந்தக் கடையில், எந்தக் காட்டுக்குப் போனார், உடன் சென்றவர் யார் என்று கேட்டு, அவர் குரலைப் பதிவு செய்யுங்கள். இவற்றைப் பொதுவெளியில் இடவேண்டாம். முகவரியும் எண்ணும் தவறான கைகளுக்குப் போகக்கூடாது. ஆவணக்காப்பகமோ பல்கலைக்கழகத் துறையோ கேட்டால் தரும்படி பத்திரமாக வைத்திருங்கள். இரும்பு அரசின் கிடங்குக்குப் போகட்டும். அதைச் சுமந்து நடந்தவர்களின் பெயர்கள் நம்மிடம் தங்கட்டும்.